விரல், கம்பளி, எலுமிச்சை, ஏணி, சோப்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை என் வீட்டுக்காரர் சொல்வார், மாமியார் சொல்வார், ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் சொல்வாள். நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இந்த வருஷம் பதினாறு பெண்பிள்ளைகள் சேர்ந்து என்னை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். வாரத்தில் மூன்று சாயங்காலமும், ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளிலும் எங்கள் ஆஸ்பத்திரி என்னை ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்புகிறது. விளையாடுகிற பிள்ளைக்குக் கணுக்கால் பிசகினாலோ, முட்டி வீங்கினாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே பார்க்க ஆள் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்குக் கொடுத்த அறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். கதவுப் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் கூரை இறங்கிக்கொண்டே வரும். முதல் வாரத்தில் மூன்று தடவை மண்டையை இடித்துக்கொண்டேன். தலைக்காயம் பார்க்க வந்தவள் தலையில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பள்ளிக்கூடமே சிரித்தது.

பெண்கள் கால்பந்து அணிக்குக் கோச் என் கொழுந்தன். "கோச் உங்க சொந்தமாமே, நல்லதாப் போச்சு" என்றார்கள் ஆஸ்பத்திரியில். என்னத்தை நல்லது? வீட்டில் "அண்ணி, ஒரு டீ" என்று வந்து நிற்கிறவன், மைதானத்தில் "அண்ணி, இவ ஆடலாம்தானே" என்று வந்து நிற்பான். இரண்டுக்கும் ஒரே குரல், ஒரே அசட்டுச் சிரிப்பு.

ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால் பதினாறு பேரையும் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக உட்கார வைத்து விளக்கினேன்.

"தலையில அடிபட்டா உள்ள மூளை குலுங்கிப் போகும். அதுக்குப் பேரு கன்கஷன். ரத்தம் வராது, வீங்காது, வெளிய ஒண்ணும் தெரியாது. அதனால உங்க மூளை நல்லா இருக்கும்போதே ஒரு பரீட்சை வச்சு மார்க்கை எழுதி வச்சுக்கப் போறேன். நாளைக்கு அடிபட்டா மறுபடி அதே மாதிரி பரீட்சை. இன்னைக்கு வாங்கின மார்க்குக்குக் கீழ போனா உட்கார வச்சிருவேன். எவன் வந்து கெஞ்சினாலும் சரி."

கடைசி வாக்கியத்தைக் கொழுந்தனைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன் விசிலைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

பரீட்சை ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஐந்து வார்த்தை சொல்வேன், திருப்பிச் சொல்ல வேண்டும். டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக்காலில் இருபது விநாடி நிற்க வேண்டும். பத்து நிமிஷம் கழித்து அந்த ஐந்து வார்த்தையை மறுபடி கேட்பேன். வார்த்தைப் பட்டியல்கள் ஆறு கொடுத்திருந்தார்கள், ஆளுக்கு ஆள் மாற்றிக் கேட்க வேண்டும். பதினாறு பேர், ஒரே சாயங்காலம், அறையில் புழுக்கம். எவள் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பாள்? முதல் பட்டியலையே எல்லோரிடமும் கேட்டேன். விரல், கம்பளி, எலுமிச்சை, ஏணி, சோப்பு. இது நான் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பைப் பத்து நிமிஷத்துக்கு முன்பே செய்து முடித்திருந்தேன், அது எனக்குத் தெரியாது.

மார்க்குகளைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருத்திக்கும் மூன்று வார்த்தைக்கு மேல் நினைவில்லை. மாதங்களில் ஆகஸ்டை யாருமே சீந்தவில்லை. நடுப்பகுதியில் தடுப்பு ஆட்டம் ஆடுகிற உயரமான பெண்ணை எல்லோரும் 'சுவர்' என்பார்கள். அந்தச் சுவர் ஒற்றைக்காலில் நின்று மூன்றாவது விநாடி என் மேலேயே சாய்ந்தது. எல்லோரையும்விட மோசம் கோல்கீப்பர்.

அவளுக்குப் பெயர் 'கோந்து'. பந்து அவள் கையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அவளிடம் ஐந்து வார்த்தை கேட்டால் கூரையைப் பார்த்தாள், தாடையைச் சொறிந்தாள், "விரலு... அப்புறம்... பூனை" என்றாள். பட்டியலில் பூனையே இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவள் ஒற்றைக்காலில் நின்றபடியே பேசிக்கொண்டு இன்னொரு காலுக்கு ஷூ மாட்டியதைப் பார்த்திருந்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"தம்பி, உன் டீமுல யாருக்காவது மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று கொழுந்தனிடம் கேட்டேன்.

அவனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "பந்தைக் காலாலதான் ஆடறது அண்ணி" என்றான். இரண்டு நாள் டீ கேட்டு வரவில்லை.

மூளை இல்லாத அந்த அணி அந்த வருஷம் ஆடின ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். வரிசையாக ஜெயித்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் தோளோடு தோள் கோத்து வட்டமாகக் குனிந்து என்னமோ கத்துவார்கள். நான் ஐஸ் பெட்டிப் பக்கம் இருப்பதால் கூச்சல்தான் கேட்கும், என்னவென்று புரியாது. கொழுந்தனைக் கேட்டேன். "ஏதோ மந்திரமாம், என்னைக்கூட கிட்ட விடமாட்டாங்க" என்றான்.

கோந்துக்கு இது பள்ளியில் கடைசி வருஷம். போன வருஷம் ஃபைனலில் கடைசி நிமிஷத்தில் ஒரே ஒரு பந்து அவள் கையை விட்டு நழுவிப் போயிருந்தது. அதில்தான் தோற்றார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பேச்சு, மூச்சு எல்லாம் ஃபைனல்தான். கட்டுப் போட உட்கார்ந்தாலும், "மேடம், ஃபைனலுக்கு இந்த விரலு சரியாயிருமா?" என்பாள். அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து நேரே கருவிப் பையோடு வந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். ஒரு ஆட்டத்தைக்கூட விட்டதில்லை.

அரையிறுதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை பயிற்சியில் அது நடந்தது. தாழ்ந்து வந்த பந்துக்குக் கோந்து பாய்ந்தாள். தடுக்க ஓடி வந்த சுவரின் முட்டி அவள் காதுக்கு மேலே இடித்தது. சத்தம் எனக்கே கேட்டது. நான் ஓடினேன். நான் ஓடுவது அழகாக இருக்காது, ஆனாலும் ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் கோந்து எழுந்து உட்கார்ந்திருந்தாள். பந்து மடியில்.

"ஒண்ணுமில்ல மேடம். சனிக்கிழமை ஆடுவேன்."

"அதை நான் சொல்லணும். வலிக்குதா? தலை சுத்துதா?"

"இல்ல மேடம்."

கழுத்தைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன். கோட்டுக்கு வெளியே கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். இந்தத் தடவை ஒழுங்காக மூன்றாவது பட்டியலைப் பிரித்தேன். கண்ணாடி, மணல், தலையணை, சைக்கிள், தேன். "திருப்பிச் சொல்லு" என்றேன். சுற்றிப் பதினைந்து பேர் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

கோந்து என்னைப் பார்த்து நல்ல பிள்ளையாகச் சிரித்தாள். கணீரென்று சொன்னாள்.

"விரல், கம்பளி, எலுமிச்சை, ஏணி, சோப்பு."

சுவர் தன் ஷூவைப் பார்த்தாள். எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, இவளுக்குத் தலை கலங்கியிருக்கிறது. அரை நிமிஷத்துக்கு முன்னால் சொன்னது ஏறவில்லை. இன்னொன்று, நாலு மாதத்துக்கு முன்னால் 'விரலு, பூனை' என்று தாடையைச் சொறிந்த அதே குட்டிக்கு ஐந்து வார்த்தையும் வரிசை மாறாமல் அன்றைக்கே தெரியும்.

கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று அவளை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அப்பா கருவிப் பையோடு வந்து கூட்டிப்போனார். டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தக்கசிவு மாதிரி பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கன்கஷன்தான் என்றார். முதலில் ஓய்வு, அப்புறம் நடை, அப்புறம் மெல்ல ஓட்டம் என்று படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை அரையிறுதியில் அவள் இல்லை. இடையில் தேர்வு வருவதால் ஃபைனல் அதற்கு நாலு வாரம் தள்ளி இருந்தது. அரையிறுதியை மற்றவர்கள் ஜெயித்துக் கொடுத்தால் அவளுக்கு ஃபைனல் உண்டு. தோற்றால் அவ்வளவுதான், பள்ளிக்கூடத்துக் கோல் கம்பத்துக்கு நடுவில் அவள் இனி நிற்கப் போவதில்லை.

மற்ற பதினைந்து பேரையும் வெள்ளிக்கிழமை என் மாடிப்படி அறைக்குள் அடைத்துக் கதவைச் சாத்தினேன்.

"யாரோட யோசனை இது?"

ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் சுவர்தான் வாயைத் திறந்தாள். "நீங்கதான் மேடம் சொன்னீங்க."

"நானா?"

"இன்னைக்கு வாங்கின மார்க்குக்குக் கீழ போனா உட்கார வச்சிருவேன்னு சொன்னீங்க. அதான், கீழ போக முடியாத மார்க்கா வாங்கினோம்."

"ஆகஸ்டு?"

"அது எல்லாரும் சேந்து விட்டுரலாம்னு பேசி வச்சது மேடம்."

அதட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. இவர்களுக்கு மூளை இல்லை என்று கொழுந்தனிடம் சொன்னேனே, என் மூளையை எங்கே கொண்டு வைத்திருந்தேன்? பூட்டை மாட்டிவிட்டுச் சாவியையும் நானே கையில் கொடுத்திருக்கிறேன். அந்த ஐந்து வார்த்தைதான் வட்டமாக நின்று கத்துகிற மந்திரம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என்னை ஏமாற்றிய சந்தோஷத்தில் அதையே அணியின் கோஷமாக்கி வைத்திருக்கிறார்கள், படுபாவிகள்.

சிரித்து முடித்ததும் எனக்குப் பயம் திரும்பி வந்தது. அதையும் மறைக்காமல் சொன்னேன். "நேத்து அவ வாய் தவறி உளறலேன்னா நான் நம்பியிருப்பேன். சனிக்கிழமை இறக்கி விட்டிருப்பேன். குலுங்கின மண்டையில இன்னொரு அடி விழுந்தா என்ன ஆகும்னு தெரியுமாடி உங்களுக்கு? எனக்குத் தெரியும். ராத்திரி எனக்குத் தூக்கமே வரல."

பதினைந்து பேரும் தலையைத் தொங்கப்போட்டார்கள். அன்றைக்கே மறுபடி பரீட்சை வைத்தேன், பட்டியலை மாற்றி மாற்றி. ஒருத்தி விடாமல் ஐந்துக்கு ஐந்து. ஆகஸ்ட் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. கதவுக்கு வெளியே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் குனிந்தபடி உள்பக்கம்வரை வந்து, "பாத்தீங்களா அண்ணி, என் டீமு" என்றான். சந்தோஷத்தில் நிமிர்ந்து கூரையில் இடித்துக்கொண்டான்.

அன்று மாலை கோந்தின் வீட்டுக்குப் போனேன். திரையை இழுத்துவிட்டு அரை இருட்டில் படுத்திருந்தாள். அப்பா கால் மாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"மேடம், நேத்து சொன்ன புது வார்த்தை இப்ப சொல்றேன். கண்ணாடி, மணலு, தலையணை..." நின்றுவிட்டாள். உதட்டைக் கடித்தாள். மீதியைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. "வெளிச்சம் குத்துது மேடம்" என்றாள், மெதுவாக. "நேத்தும் குத்துச்சு. வலிக்கலன்னு பொய் சொன்னேன்."

"சரி."

"நாளைக்கு ஒரு பாதி மட்டும்..."

நான் பதில் சொல்வதற்குள் அப்பா சொன்னார். "லிஃப்டு குலுங்கினா ஆளை இறக்கிட்டுத்தாம்மா பாப்போம். ஆளை வச்சுக்கிட்டே ஓட்டிப் பாக்க மாட்டோம்."

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேறு என்ன செய்ய? "தோத்தா என்னைத் திட்டிக்கோ" என்றேன். "கண்டிப்பாத் திட்டுவேன் மேடம்" என்றாள் தலையணைக்குள்ளிருந்து.

சனிக்கிழமைக்குள் வெளிச்சம் குத்துவது குறைந்திருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம், கத்தக் கூடாது, துள்ளக் கூடாது என்று டாக்டர் விட்டுவிட்டார். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பதில் கோலில் நின்றவளுக்குப் பெயர் 'தும்மல்'. பாவம், புல்லே அவளுக்கு ஆகாது. அந்த வருஷம் முழுக்க பெஞ்சிலேயே இருந்து தும்மியவள், இப்போது மைதானத்தின் நடுவில் நின்று தும்மினாள்.

முதல் பாதியில் எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் போட்டார்கள். அதன் பிறகு எதிர் அணி எங்கள் பக்கமே குடியிருந்தது. எல்லாவற்றையும் தடுத்து நிறுத்தியது சுவர் ஒருத்திதான். அவள் இருக்கிறவரை பயமில்லை என்று எனக்கே தோன்றியது. கோந்து என் முழங்கையைப் பிடித்தவள் விடவே இல்லை, இரத்த ஓட்டம் நின்றுவிடும் போலிருந்தது.

ஆறு நிமிஷம் பாக்கி. உயரமாக வந்த ஒரு பந்துக்குச் சுவரும் எதிர் அணிப் பெண்ணும் எம்பினார்கள், இரண்டு பேரும் விழுந்தார்கள். சுவர் உடனே எழுந்து எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள். பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது, எதிர் அணிக்குக் கார்னர். எல்லோர் கண்ணும் பந்தின் மேல்தான். என் கண்ணும் அங்கேதான் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

முழங்கையில் பிடி தளர்ந்தது.

"மேடம்" என்றாள் கோந்து. "எல்லாரும் கோலுக்கு வர்றாங்க. சுவரு மட்டும் அந்தப் பக்கம் போறா."

பார்த்தேன். சுவர் நடுக்கோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள், தெருவில் காற்று வாங்கப் போகிறவள்போல்.

கோந்து எச்சிலை விழுங்கினாள். சுவர் வெளியே வந்தால் இந்த ஆறு நிமிஷம் என்ன ஆகும் என்று அங்கே அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. "வெளிய கூப்பிடுங்க மேடம். அவளா வரமாட்டா."

எனக்கு அந்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நேரமில்லை. எழுந்து கொழுந்தனிடம் ஓடினேன்.

"சுவரை வெளிய எடு தம்பி."

"அண்ணி, ஆறே நிமிஷம் அண்ணி."

"வீட்டுல உனக்கு இனிமே டீ வேணுமா, வேண்டாமா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு ரெஃபரியைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினான். நான் உள்ளே போய்ச் சுவரின் தோளைப் பிடித்து, "ஸ்கோர் என்ன?" என்றேன். "ரெண்டு ரெண்டு மேடம்" என்றாள், கொஞ்சமும் சந்தேகமில்லாமல். கையோடு கூட்டி வந்தேன்.

பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்டு, கண்ணையும் கழுத்தையும் பார்த்து முடிப்பதற்குள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோந்தின் பக்கம் திரும்பினாள்.

"நீதான் போட்டுக் குடுத்தியா?"

"ஆமா."

"தோத்தா உனக்குத்தாண்டி ஃபைனல் போச்சு, லூசு."

"தெரியும். தண்ணியக் குடி."

அந்த ஆறு நிமிஷத்தை நான் பாதி விரலிடுக்கில்தான் பார்த்தேன். சுவருக்குப் பதில் போனவள் சின்னப் பெண், ஓடிய ஓட்டத்தில் இரண்டு தடவை தன் ஆட்களையே இடித்தாள். கடைசி நிமிஷத்தில் எதிர் அணிப் பெண் ஒருத்தி தனியாகப் பந்தோடு வந்துவிட்டாள். எதிரே தும்மல் மட்டும். அவள் கையை விரித்தாள், மூக்கைச் சுளித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பெண் உதைத்ததும் இவள் தும்மியதும் ஒன்றாக நடந்தது. தும்மிய வேகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். பந்து அவள் தோளில் பட்டு எகிறி, கம்பத்துக்கு மேலே பறந்து, கருவிப் பையோடு நின்ற லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் போய் விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோந்தும் சுவரும் கத்தவில்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார்கள். அவர்களுக்கும் சேர்த்து நான் கத்தினேன். கொழுந்தன் தும்மலைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினான். அவள் வழி நெடுகத் தும்மினாள்.

அதன் பிறகு நாலு வாரம் இரண்டு பேரும் என் கையில் இருந்தார்கள். நடந்தார்கள், மெல்ல ஓடினார்கள், பந்தில்லாமல் பாய்ந்தார்கள், பிறகு பந்தோடு. கோந்து தினமும் வந்து, கேட்பதற்கு முன்பே ஒப்பிப்பாள். "இன்னைக்குக் காலைல லேசா வலி, பத்து நிமிஷம், அப்புறம் இல்ல." வலி என்று சொன்ன நாளில் ஒரு படி இறக்கினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், ஆனால் மறுநாளும் உண்மையைத்தான் சொல்வாள். கடைசி நாலு நாள் "ஒண்ணுமே இல்ல மேடம்" என்றாள். நான் நம்பினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

ஃபைனல் எப்படி முடிந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டுக்குப் பூஜ்யம், கோப்பை எங்களுக்கு. ஒரு பந்தும் கோந்தின் கையை விட்டு நழுவவில்லை. ஆனால் எனக்கு நெஞ்சில் நிற்பது ஆட்டத்துக்கு முந்தின ஒரு நிமிஷம்.

நான் ஐஸ் பெட்டிப் பக்கம் கட்டுத்துணியை அடுக்கிக்கொண்டிருந்தேன். கோந்து ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க மேடம், வட்டத்துக்கு." வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு பக்கம் கோந்தின் தோள், மறு பக்கம் சுவரின் தோள், நடுவில் நான் குனிந்து நின்றேன். முதுகு வலித்தது, சந்தோஷமாக இருந்தது.

"இன்னைக்கு மேடம்தான் சொல்லணும், நாங்க பின்னாடி சொல்றோம்" என்றாள் சுவர்.

இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். என் பட்டியல், நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை. "விரல்" என்று கத்தினேன். பதினாறு தொண்டை திருப்பிக் கத்தியது. "கம்பளி" என்றேன். கத்தினார்கள். "எலுமிச்சை." கத்தினார்கள்.

அடுத்தது வரவில்லை. கூரையைப் பார்க்கலாம் என்றால் அங்கே வானம்தான் இருந்தது. தாடையைச் சொறிந்தேன்.

"பூனை?" என்றேன்.

பதினாறு தலையும் என் பக்கம் திரும்பின. பிறகு கோந்து நிமிர்ந்து, என் குரலில், என் அதட்டலில், மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"மேடத்தை உட்கார வைங்கடி."

உட்கார வைத்தார்கள். பதினாறு பேரும் சேர்ந்து, பெஞ்சில், ஐஸ் பை ஒன்றையும் தலையில் வைத்துவிட்டுத்தான் ஆடப் போனார்கள்.